பையில் அடங்கும் காமிரா

விடுமுறை நெருங்குகிறது. மன்றத் தோழர்களுள் சிலர் நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் என்று பேசிக்கொள்கின்றனர். சிலர் மூணாறு, மறையூர், குமுளி என்று திட்டமிடுகின்றனர். வேறு சிலருக்கு அவை சுற்றுலா இடங்கள் அல்ல, பிறந்த ஊர்கள். போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சின்னதாக, கையாலேயே எல்லாம் திருத்திக்கொள்ளும்படி ஒரு காமிரா வேண்டும். எதை வாங்கலாம்?"

இதற்குக் கடைக்காரர் ஒரு விடை சொல்வார். விளம்பரம் வேறொரு விடை சொல்லும். அவற்றை நம்பி நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் புதுக் காமிராவுடன் டாப் ஸ்டேஷன் சென்றிருந்தேன். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழிக்கும் வரை, மூணாற்றிலிருந்து தேயிலை சுமந்து வந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் வந்து நின்ற இடம் அது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. மலை விளிம்பில் நின்று பார்த்தால், பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போட்டாற்போல் வெண்மேகம். படத்திலோ அது அழுக்குத் துணியின் நிறத்தில் வந்தது. அன்று மாலை, தோட்டத்து லயம் ஒன்றில் நண்பன் வீட்டுப் பாட்டியை வாசற்படியில் உட்காரவைத்து, வீட்டுக்குள் நின்று படமெடுத்தேன். வெளியே நல்ல வெயில். படத்தில் வாசல் பளிச்சென்று விழுந்தது. பாட்டியின் முகம் கரிக்கட்டையாக இருந்தது. "எங்கே தம்பி, காட்டு. அடையாள அட்டையிலே இருக்கிறதைத் தவிர எனக்கு ஒரு போட்டோவும் கிடையாது" என்றார் அவர். காட்டத்தக்க படம் ஒன்றும் என்னிடம் இல்லை.

காமிராவில் பழுது இல்லை. விளம்பரம் பெரிதாகப் பேசிய புள்ளிக் கணக்கும் தொலைநோக்கும் அதில் நிறைய இருந்தன. அவசரத்துக்கு வேண்டிய திருகுகள் மட்டும் பட்டியலுக்குள் பட்டியலாகப் புதைந்து கிடந்தன. அவற்றின் பயனும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒளியை ஆளும் மூன்று பிடிகள்

மலையேறுவோர்க்கும் சிறு காமிராவுக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் கம்பெனியில் பணியாற்றிய ஆஸ்கார் பார்னாக் இழைப்பு நோயால் வருந்தியவர். கண்ணாடித் தகடும் முக்காலியுமாகப் பெருஞ்சுமை தூக்கி மலையேற அவரால் இயலவில்லை. ஆகவே, சினிமாப் பிலிமைக் கொண்டு கையடக்கமான காமிரா ஒன்றை 1913-ஐ ஒட்டிய காலத்தில் செய்து பார்த்தார். அதுவே 1925-இல் லைக்கா என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. அதில் ஒளியைக் கட்டுப்படுத்தும் வேலை முழுவதும் எடுப்பவர் கையில்தான் இருந்தது. பிலிம் போய் மின்னணுத் தகடு வந்தபின்னும் அந்த வேலையின் இயல்பு மாறவில்லை.

முதற்பிடி லென்ஸின் துளை. வெயிலில் நம் கண்மணி சுருங்குவதும், இருட்டில் விரிவதும் போன்றதே இது. 2, 2.8, 4, 5.6, 8, 11 என்று எண்கள் இருக்கும். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்; ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். இரண்டாம் பிடி ஷட்டரின் வேகம். 1/125 நொடியை 1/250 ஆக்கினால் ஒளி மீண்டும் பாதியாகும். மூன்றாவது ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன். அதை ஏற்றினால் மங்கல் ஒளியிலும் படம் விழும்; ஆனால் மணல் தூவினாற்போல் புள்ளிகளும் தோன்றும்.

இனி நம் எல்லைப்புறத்து ஒளியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பாலக்காட்டுக் கணவாய் வெளியில், பனைமரம் நிற்கும் வயல்வரப்பில், நடுப்பகல் வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 100, துளை 8, வேகம் 1/400 நொடி ஏறக்குறையச் சரியாக இருக்கும். அங்கிருந்து மலையேறிச் சோலைக்காட்டின் அடர்ந்த நிழலுக்குள் நுழைந்தால், துளையை 2 ஆக விரித்து, வேகத்தை 1/125 ஆகக் குறைத்து, ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக ஏற்ற வேண்டியிருக்கலாம். கணக்குப் போட்டால் வேறுபாடு ஏறத்தாழ ஒன்பது படி. அதாவது நானூறு மடங்குக்கு மேல்! மறையூரின் மழைமறைவுப் பகுதியில் முனியறைகளின்மேல் அடிக்கும் கடுவெயிலும், இரவிகுளத்துப் புல்வெளியின் மூடுபனியும் சில மணிநேரப் பயணத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடும்.

தானியங்கிக் காமிரா இவ்வளவையும் சமாளிக்காதா? பெரும்பாலும் சமாளிக்கும். ஆனால், எதைக் கண்டாலும் அதன் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொள்வதே அதன் ஒளிமானியின் அடிப்படை. வெண்பனியைக் காட்டினால், "வெளிச்சம் மிகுதி" என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும், பனி சாம்பலாகும். பளிச்சென்ற வாசலைக் கண்டாலும் அப்படியே குறைக்கும். முன்னிருக்கும் முகம் கறுத்துப்போகும். முகம் கண்டறியும் இந்நாளையக் காமிராக்களும் இதில் ஏமாறுவதுண்டு. பரிகாரம் எளிது. கூட்டல் கழித்தல் குறியிட்ட ஒளித்திருத்தத்தைப் பனிக்கு ஒரு படியோ சற்று மிகுதியாகவோ கூட்டுக. வாசலில் இருப்பவரின் முகத்தை மட்டும் அளக்கும்படி ஒளிமானியைப் புள்ளி அளவைக்கு மாற்றுக. இவ்விரண்டும் தெரிந்திருந்தால் என் இரு படங்களும் பிழைத்திருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் உள்ளிருக்கும் ஒளித்தகட்டின் பரப்பு. புள்ளிகளின் எண்ணிக்கையைவிட இதுவே முக்கியம். மலிவான சிறு காமிராக்களில் இது ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர், பரப்பு 28 சதுர மில்லிமீட்டர் அளவு. "ஒரு அங்குலத் தகடு" என்று விற்பது 13.2-க்கு 8.8, பரப்பு 116. (பெயரில் மட்டுமே அங்குலம், பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழல்களின் அளவு முறையிலிருந்து வந்த பெயர் அது.) ஏ.பி.எஸ்.-சி என்னும் தகட்டின் பரப்பு ஏறத்தாழ 366. பரப்பு மிகுந்தால் மங்கல் ஒளியிலும் புள்ளிகள் குறையும். சோலைக்காட்டுக்கும் லயத்து வீட்டின் உட்புறத்துக்கும் ஒரு அங்குலத் தகட்டுக்குக் குறைந்தது வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாவது லென்ஸ். அதன்மேல் இரண்டு துளை எண்கள் இருந்தால் இரண்டையும் படிக்க வேண்டும். சோனி நிறுவனம் 2012-இல் வெளியிட்ட முதல் ஆர்.எக்ஸ்.100-இல் அவை 1.8, 4.9. அகலக் காட்சியில் 1.8, தொலைவை இழுத்தால் 4.9. அப்போது துளைவழி வரும் ஒளி ஏழில் ஒரு பங்காகிவிடும். "எத்தனை மடங்கு இழுக்கும்?" என்று மட்டும் கேட்பவர் இந்த இழப்பைக் கேட்காமல் விட்டுவிடுகிறார். இராஜமலையில் வரையாடுகள் பல நாள் பாதைக்கு அருகிலேயே மேய்வதால், அவற்றுக்காகப் பெரிய தொலைநோக்கு லென்ஸ் தேவைப்படுவதில்லை.

மூன்றாவது, திருகுகள். கடையிலேயே ஒரு சோதனை செய்க. காமிராவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடி துளை, வேகம், ஒளித்திருத்தம் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். பட்டியலைத் திறக்காமல் மாற்ற முடிந்தால் நன்று. பானசானிக் எல்.எக்ஸ்.100 (2014) காமிராவில் லென்ஸைச் சுற்றித் துளை வளையமும், மேலே வேகத் திருகும், ஒளித்திருத்தத் திருகும் தனித்தனியே உண்டு. ரிக்கோ ஜி.ஆர்.3 (2019) 257 கிராம் எடையே உள்ளது, சட்டைப் பையில் அடங்கும், ஏ.பி.எஸ்.-சி தகடு கொண்டது. ஆனால் தொலைவை இழுக்காது. கண்வைத்துப் பார்க்கும் துவாரமும் இல்லை. கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 (2019) ஒரு அங்குலத் தகடும் 1.8 முதல் 2.8 வரையான துளையும் உடையது. ஃப்யூஜிஃபில்ம் எக்ஸ்100-6 (2024) திருகுகளில் சிறந்தது. ஆனால் அரைக் கிலோ எடை, விலையும் மாணவர் கைக்கு எட்டாது. எதிலும் ஒரு குறை உண்டு. எந்தக் குறையை நாம் பொறுத்துக்கொள்வோம் என்பதே தேர்வு.

பாலக்காட்டு வெயிலில் பின்புறத் திரை கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறக்கவேண்டாம். பார்வைத் துவாரம் உள்ளது அங்கே உதவும். சிறு காமிராக்களின் மின்கலம் பெரும்பாலும் 200 முதல் 300 படங்களுக்கே தாங்கும். பறம்பிக்குளம் போவோர் கூடுதல் மின்கலம் ஒன்று கொண்டுபோகட்டும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தும், பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தே சாலையில் அடையக்கூடிய இடம் அது. மறந்துவிட்டால் வாங்கிவர அருகில் கடை இராது.

நிற்க. பணம் இல்லாதவர் என்ன செய்வது? கைப்பேசியிலும் பலவற்றில் வேகத்தையும் ஐ.எஸ்.ஓ.வையும் கையால் மாற்றும் முறை உண்டு. துளை மட்டும் பெரும்பாலும் மாறாது. ஒரு மாதம் அதில் பழகுங்கள். பிறகும் வேண்டும் என்று தோன்றினால், பழைய காமிரா ஒன்றை வாங்கலாம். அப்போது லென்ஸை விளக்கொளியில் சாய்த்து, உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் உள்ளிழுக்கும் வகையாயின், பலமுறை திறந்து மூடிப் பாருங்கள்.

வாங்கிய பின் காப்பதும் ஒரு கலை. போடிமெட்டின் குளிரிலிருந்து கீழே போடிநாயக்கனூருக்கு இறங்கும்போது, குளிர்ந்த காமிராவின்மேல் வெப்பக் காற்றிலுள்ள ஈரம் படியும். குளிர்ந்த செம்பின்மேல் நீர்த்துளி படிவதுபோல. இறங்குமுன் அதைக் காற்றுப் புகாத பையில் இட்டு மூடி, வெப்பம் சமமானபின் எடுக்க வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு பையில் கிடக்கட்டும்.

எதற்காக இத்தனையும்?

மலையில் சில காட்சிகள் மறுபடி எளிதில் வாய்ப்பதில்லை. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலர்வது. மூணாற்றுப் பக்கம் 2006-இல் பூத்தது. 2018-இல் பூத்தபோது ஆகஸ்டு வெள்ளம் வழிகளைத் துண்டித்தது. இனி 2030-இல் எதிர்பார்க்கின்றனர். மனிதர்க்கோ அப்படிக் கணக்கும் இல்லை. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, அறுபதுக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். அவ்வீடுகளின் சுவரில் தொங்கிய படங்களும் அம்மண்ணுக்குள்ளேதான் போயிருக்கும்.

ஆகவே, காட்சிமுனைகளில் கூட்டத்தோடு நின்று ஒரே மலையை எல்லோரும் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கொழுந்து பறிக்கும் கைகளை, கல்பாத்தித் தெருவின் திண்ணைகளை, உங்கள் வீட்டுப் பெரியவர்களை எடுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அணைக்கட்டுகளிலும் காப்புக்காடுகளிலும் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுக் காமிராவை வெளியே எடுங்கள்.

அடுத்த விடுமுறையில் அந்த லயத்துக்கு மறுபடி போனேன். அதே வாசற்படி, அதே வெயில். பாட்டியின் முகத்தை அளந்து, அதற்கேற்ப ஒளியைக் கூட்டி எடுத்தேன். வாசல் வெளுத்துப்போயிற்று, அதனால் ஒரு நட்டமும் இல்லை. மூணாற்றுக் கடைவீதியில் படத்தை அச்சிட்டு, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, முந்தானையால் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நீங்களும் எடுக்கும் படத்தில் ஒரு பிரதியை உரியவரிடம் சேர்த்துவிட்டுத் திரும்புங்கள்.