உடும்புக்கு எது வீடு?

ஜவ்வாது மலை என்றதும் சாமையும் தேனும் பலாவும் நினைவுக்கு வரும். உடும்பும் இங்கே பழைய குடித்தனக்காரர்தான்! குட்டி உடும்பைக் கண்ட பிள்ளைகள், “அம்மா, இதை நாமே வளர்க்கலாம்மா” என்று நச்சரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். என்ன பதில் சொல்வது?

கூண்டு செய்யுமுன் கணக்குப் பாருங்கள். சாண் அளவில் இருக்கும் குட்டி, வாலோடு சேர்த்து 175 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. நம் உயரத்துக்கு மேலேயே என்று வையுங்களேன்! அதற்கு மண் தோண்ட வேண்டும், மரம் ஏற வேண்டும், தினமும் பாறையில் வெயில் காய வேண்டும். வெயில் இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. வண்டு, தேள், தவளை, எலி, முட்டை என்று பல தினுசாகத் தின்னும். வெறும் கறித்துண்டையே போட்டால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு மெலிந்துவிடும். கம்பிக் கூண்டில் மூக்கை உரசி உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னொரு கவலையும் உண்டு. ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். ஆமைக்குட்டிகளால் குழந்தைகளுக்கு இந்த நோய் வந்ததால், 1975-ல் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கவே தடை போட்டார்கள்.

நம் நாட்டிலோ உடும்பு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் அடைத்து வைப்பதும் குற்றம். குறைந்தது 3 ஆண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம். முதுகுவலிக்கு உடும்புக் கறி, மூட்டுவலிக்கு உடும்பு எண்ணெய் என்று யாராவது சொன்னால் வாங்கிவிடாதீர்கள். குணம் தரும் என்று நிரூபணமும் இல்லை, சட்டமும் விடாது.

உடும்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் பதறாதீர்கள். குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். உள்கதவைச் சாத்தி, வாசல் கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். மூலையில் மடக்கினால்தான் வாலால் அடிக்கும், கடிக்கும். போகாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

“உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்” என்பார்களே, அது நமக்கும் பொருந்தும். பிள்ளை கேட்டால், காலை வெயிலில் பாறைமேல் படுத்திருக்கும் உடும்பைத் தூர நின்று காட்டுங்கள். “அதுதாண்டா அதோட வீடு” என்று சொல்லுங்கள். எலியையும் பூச்சியையும் தின்று அது நம் கொல்லைக்கும் உதவி செய்யும்.