வளவில் நிற்பது அத்தியா? அறிந்து வெட்டுவோம்

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவுக்குத் திரும்பும்போது, நாம் நடாத மரங்கள் அங்கே வளர்ந்து நிற்கும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலருக்கு, யுத்தம் முடிந்த 2009 இற்குப் பின்னரே காணி கட்டங்கட்டமாகக் கிடைத்தது. இத்தனை காலத்தில் பறவைகளின் எச்சத்தில் விழுந்த விதை, கிணற்றுக் கட்டிலும் இடிந்த சுவரிலும் அத்தியாக, ஆலாக, அரசாக முளைத்துவிடுகிறது. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி என்று உறுதியான பின், துப்புரவு செய்யக் கத்தி எடுக்கிறோம். வெட்டிய இடத்தில் பால் வடிகிறது. பால் வடியும் மரமெல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. ஆகவே முதலில் மரத்தை அறிய வேண்டும்.

அடையாளம்

இளங்கொப்பில் இலைக்காம்பு பொருந்தும் இடத்தைப் பாருங்கள். அத்தி இனமாயின், கொப்பைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் மெல்லிய தழும்பு இருக்கும். பலாவிலும் இது உண்டு. அடுத்தது காய். அத்தியில் பூ வெளியே தெரியாது; உருண்டைக் காயின் நுனியில் சிறு துவாரம் இருக்கும். பிளந்தால் உள்ளே நுண்ணிய பூக்களும், பெரும்பாலும் சிறு பூச்சிகளும் காணப்படும். எமது நாட்டு அத்தியில் காய்கள் அடிமரத்திலும் பெருங்கொப்புகளிலும் குலைகுலையாகக் காய்க்கும். இலை கைபோல் பிளந்திருந்தால் அது சீமை அத்தி.

களப்போரத்தில் குடியிருப்பவர்கள் தில்லையை மறக்கக் கூடாது. அதற்கும் பால் உண்டு. மோதிரத் தழும்பு இல்லை. உதிரும் முன் இலை சிவக்கும்; காய் சிறிதாக மூன்று பிரிவாயிருக்கும். அதன் பால் தோலைக் கொப்பளிக்கச் செய்யும். கண்ணில் பட்டால் பார்வையையே மறைக்கும். தில்லையை விறகுக்குத் தறிக்க வேண்டாம். வேலியோரத்துக் கள்ளியும் எருக்கும் கண்ணுக்கு ஆபத்தானவையே.

வெட்டும்போது

அத்திப்பால் தில்லைப்பால் போலக் கொடியதன்று. என்றாலும் சிலருக்குத் தோல் சிவந்து கடிக்கும். சீமை அத்தியின் பால் பட்ட இடத்தில் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் தீக்காயம் போலக் கொப்பளித்துக் கருமை படியும். எனவே நீளக் கைச்சட்டை அணிந்து, வெயில் தணிந்த பின் வெட்டுவது நல்லது. தலைக்கு மேலுள்ள கொப்பை அண்ணாந்து பார்த்து வெட்டக் கூடாது. பால் கண்ணில் விழும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பால் பட்டால்

தோலில் பட்டதும் சவர்க்காரமிட்டுக் கழுவி, அவ்விடத்தில் சில நாள் வெயில் படாமல் மூடி வையுங்கள். பிசின்போல் ஒட்டியிருந்தால் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, மீண்டும் சவர்க்காரமிடுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான நீரை 20 நிமிடமாவது ஊற்றிக் கழுவ வேண்டும். தாய்ப்பாலோ எண்ணெயோ விட வேண்டாம். கழுவியதும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முதல் நாள் இலேசாகத் தெரிவது மறுநாள் கடுமையாகலாம்.

கிணற்றுக் கட்டில் முளைத்த கன்றைச் சிறிதாயிருக்கும்போதே வேரோடு அகற்றுவோம். விட்டால் கட்டு வெடிக்கும். வளவின் ஓரத்தில் நிற்கும் அத்தியை விட்டுவைப்போம். இலை ஆட்டுக்கு, பிஞ்சு கறிக்கு, நிழல் எமக்கு.