சிறு கொள்ளளவிகளும் பல்மானியும்

அளக்கப்படும் பொருள் சிறிதாகுந்தோறும் அளக்குங் கருவியின் இயல்பும் அளவினுட் புகுந்துவிடுகின்றது. ஒரு சிட்டிகை பொடியை நிறுக்கப் புகுபவன் அப்பொடி வைத்த தாளின் நிறையை முதலில் அறிதல் வேண்டும். மின்னியலில் இவ்வுண்மையை நன்கு விளக்குவது சிறு கொள்ளளவிகளின் அளவையாகும். இன்று பாடசாலை ஆய்வுகூடங்களிலும் வானொலி திருத்துவோரின் மேசைகளிலும் காணப்படும் இலக்கமுறைப் பல்மானிகள் பலவற்றிற் கொள்ளளவத்தை அளக்கும் வசதியும் உண்டு. மைக்கிரோபரட்டு அளவிலான கொள்ளளவிகளை அவை இடரின்றி அளக்கின்றன. ஆனால், பத்து அல்லது இருபது பிக்கோபரட்டு மாத்திரமே உடைய ஒன்றை அவற்றோடு இணைக்கும்போது, தோன்றும் எண் எப்பொருளுக்கு உரியது என்பதே ஐயமாகின்றது.

இவ்வையம் பொருட்படுத்தத்தக்கதோ எனின், ஆம் என்க. வானொலிச் சுற்றொன்றின் மீடிறன் அதன் கொள்ளளவத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாக அமையும். 50 பிக்கோபரட்டு எனக் கருதப்பட்ட கொள்ளளவம் உண்மையில் 60 ஆக இருப்பின், 10 மெகாஹேட்சில் இயங்கவேண்டிய சுற்று ஏறத்தாழ 9.1 மெகாஹேட்சில் இயங்கும். விரும்பிய நிலையம் அங்கே கேளாது.

காவலியொன்றினாற் பிரிக்கப்பட்ட இரு கடத்திகள் சேர்ந்ததே கொள்ளளவி. ஒடுக்கி என்பதும் அதன் பெயர். இவ்வரைவிலக்கணத்தை ஊன்றி நோக்கின், பல்மானியின் இரு இணைப்புக் கம்பிகளும் தம்முள் ஒரு கொள்ளளவியாதல் புலனாகும். 1 மில்லிமீற்றர் விட்டமும் 1 மீற்றர் நீளமும் உடைய இரு கம்பிகள் காற்றிலே, மையத்துக்கு மையம் 10 மில்லிமீற்றர் இடைவெளியிற் சமாந்தரமாகக் கிடப்பின், அவற்றின் கொள்ளளவம் ஏறக்குறைய 9 பிக்கோபரட்டு ஆகும். இடைவெளியை 3 மில்லிமீற்றராகக் குறைத்தால் அது ஏறக்குறைய 16 ஆக உயரும். கம்பியின் மேலுள்ள காவலுறை இதனை மேலும் கூட்டும். எனவே, கம்பியைச் சிறிது நகர்த்துவதனால் உண்டாகும் மாற்றமே அளக்கப்படும் பொருளுக்கு நிகராகிவிடுகின்றது.

இத்தகைய சிறு அளவுகளை அளத்தல் புதியதொரு முயற்சியன்று. ஆங்கில விஞ்ஞானி என்றி கவெண்டிசு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இதனைச் செய்தார். ஏறத்தாழ 12 அங்குல விட்டமுள்ள கோளமொன்றை நியமமாகக் கொண்டு, பிற பொருள்களின் கொள்ளளவத்தை அவர் அதனோடு ஒப்பிட்டார். இன்றைய அலகிற் கூறின் அக்கோளத்தின் கொள்ளளவம் ஏறக்குறைய 17 பிக்கோபரட்டு மாத்திரமே. அவர் கையில் இருந்த உணர்கருவி நூலில் தொங்கும் நெட்டிப் பந்துகளே. அவர் 1810இல் மறைந்தார். இவ்வாய்வுகளை மட்சுவெல் 1879இலேயே பதிப்பித்து உலகறியச் செய்தார். கருவி எளியதாயினும் ஒப்பீடு செம்மையாயின் அளவு செம்மையாகும் என்பதே அவர் பணி காட்டும் பாடம்.

பல்மானி கொள்ளளவத்தை நேரே காண்பதில்லை. பல கருவிகள் அறிந்த ஓட்டத்தையேனும் அறிந்த தடையொன்றினூடான ஓட்டத்தையேனும் செலுத்திக் கொள்ளளவியை ஏற்றி, அழுத்தம் குறித்த எல்லையை அடைய எடுக்கும் நேரத்தை அளக்கின்றன. 1 மெகா ஓம் தடையினூடாக ஏற்றும்போது 1 மைக்கிரோபரட்டுக்கு நேரமாறிலி 1 செக்கன். 10 பிக்கோபரட்டுக்கோ அது ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு. மேலும், கருவியின் கையேட்டிற் கூறப்படும் வழுவெல்லை இரு பகுதிகளை உடையது. உதாரணமாக, வாசிப்பின் 2 சதவீதமும் கடையிலக்கத்தில் 5உம் என்று கூறப்பட்டிருப்பதாகக் கொள்வோம். கடையிலக்கம் 1 பிக்கோபரட்டைக் குறிப்பின், 1000 பிக்கோபரட்டில் அந்த 5 பொருட்டன்று. 10 பிக்கோபரட்டிலோ அது பாதியாகும். திரையில் இலக்கம் தெளிவாகத் தோன்றுவது வேறு, அது திருத்தமாயிருப்பது வேறு.

இவ்விடரை நீக்கும் வழி கழித்தலே. நீண்ட கம்பிகளை அகற்றிக் குறுகிய விறைப்பான முனைகளைப் பொருத்துக. கொள்ளளவியின்றி முதலில் வாசித்து, முனைகளை அசைக்காது அதனை இணைத்து மீண்டும் வாசித்து, வேறுபாட்டைக் கொள்க. சில கருவிகளில் இக்கழித்தலைத் தானே செய்யும் பொத்தானும் உண்டு.

வெறுமுனை வாசிப்பை நம்ப இயலாதவிடத்து மற்றொரு சோதனை உதவும். ஒரு கொள்ளளவி 27 எனவும் மற்றொன்று 38 எனவும் தனித்தனியே காட்டுவதாகக் கொள்வோம். இரண்டையும் சமாந்தரமாக இணைத்தால் 65 வரவேண்டும். 50 மாத்திரமே வருகின்றதெனின், மிகையான 15 கருவிக்கும் முனைகளுக்கும் உரியது. தனி வாசிப்பு ஒவ்வொன்றிலும் அது ஒருமுறை புகுந்தமையால் 65இல் இருமுறை எண்ணப்பட்டது. ஆகவே உண்மைப் பெறுமானங்கள் 12உம் 23உம் ஆகும்.

இச்சோதனையில் இரண்டாவது கொள்ளளவி துணையாக நின்றமையைக் காண்க. அத்துணையைப் பெரிதாக்கினால் மூன்றாவது வழி பிறக்கும். மிகச் சிறிய பெறுமானங்களைச் சில கருவிகள் காட்டுவதேயில்லை. அவற்றில் 1000 பிக்கோபரட்டுக் கொள்ளளவியொன்றை நிலையாக இணைத்து வாசித்து, பின்னர் அளக்கவேண்டியதை அதனோடு சமாந்தரமாகச் சேர்த்து வாசிக்கலாம். 1003 என்பது 1015 ஆகுமாயின் சேர்க்கப்பட்டது 12 பிக்கோபரட்டு. இரு வாசிப்புகளுக்கும் பொதுவான நிலைவழு கழிந்துவிடும். 2 சதவீத வழுவும் 1015இல் அன்றி 12இலேயே தங்கும்.

எஞ்சுவது கடையிலக்கத்தின் ஐயம். வாசிப்புக்கு 1 ஆக இரு வாசிப்புகளிலும் அது 2 பிக்கோபரட்டு வரை செல்லலாம். ஒரே வகைக் கொள்ளளவிகள் பத்து இருப்பின், அவற்றை ஒருங்கே சமாந்தரமாக இணைத்து அளந்து பத்தால் வகுக்கலாம். ஐயமும் பத்திலொன்றாகும். எனினும் கிடைப்பது சராசரியே; தனியொன்றின் பெறுமானமன்று.

துணைக் கொள்ளளவி வெப்பத்தால் மாறாததாயிருத்தல் இன்றியமையாதது. ‘சி0ஜி’ என்னும் குறியுடைய பீங்கான் வகை 10 பாகை வெப்பநிலை உயர்வுக்கு 1000 பிக்கோபரட்டில் 0.3க்கு மேல் மாறாது. வேறு பீங்கான் வகைகள் 1 சதவீதம் மாறினாலும் 10 பிக்கோபரட்டுப் பிழை வந்துவிடும். விரற்சூடும் இதற்கு ஏதுவாகலாம். வாசிக்கும்போது கையை விலக்குதலும், கொள்ளளவியின் மேற்பரப்பைத் துடைத்து ஈரமின்றி வைத்தலும், இரு வாசிப்புகளையும் ஒரே வீச்சில் எடுத்தலும் வேண்டும்.

இவ்வழிகள் யாவும் ஒரே நெறியின் வேறுபாடுகளே. தனி வாசிப்பில் பொருளும் கருவியும் கலந்து நிற்கின்றன. மாறாத நிலையில் எடுத்த இரு வாசிப்புகளின் வேறுபாட்டிலேயே பொருள் தனித்து வெளிப்படும். விலையுயர்ந்த கருவி இல்லாத ஆய்வுகூடத்திலும், இந்நெறி வழுவாத மாணவன் நம்பத்தக்க அளவைப் பெறுவான்.