ஓர் அங்குலத்தின் கணக்கு

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் எம்.ஜி.பி. அவற்றில் பெரும்பகுதி, மேற்கூரையை மடக்கி வைத்துவிட்டு ஓட்டும் திறந்த கார்கள். தரையோடு ஒட்டினாற்போல் ஓடும் அந்தக் கார், 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டது.

காரணம் அமெரிக்கச் சட்டம். முகப்பு விளக்கு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது, மெதுவாக மோதினால் பம்ப்பர் தாங்க வேண்டும் என்று விதிகள் வந்தன. காரின் முன்பகுதியைப் புதிதாக வடிவமைப்பதற்குப் பதில், அதைத் தயாரித்த பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் சஸ்பென்ஷனையே உயர்த்திவிட்டது. குரோமியம் பூசிய பம்ப்பர் போய், உள்ளே எஃகு வைத்த கனமான கறுப்பு பம்ப்பர் வந்தது. செலவைக் குறைக்க, 1975 மாடலில், சாய்வைக் கட்டுப்படுத்தும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். வளைவில் நம்பித் திருப்பக்கூடிய காராக இருந்தது, சாய்ந்து தள்ளாடத் தொடங்கியது. கறுப்பு பம்ப்பர் எம்.ஜி.பி. வாங்கும் பலருக்கும் இன்றுவரை முதல் ஆசை, அந்த ஓர் அங்குலத்தை இறக்கிவிட வேண்டும் என்பதுதான்.

இறக்கினால் என்ன கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து கார் 1,000 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 125 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பத்தில் ஏழு பங்கு விசையோடு ஒரு வளைவில் திரும்பினால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு 280 கிலோ சுமை மாறும். காரை 2.5 செ.மீ. தாழ்த்திய பிறகு அதே வளைவில் மாறுவது 266 கிலோ. வித்தியாசம் 5 சதவீதம். நல்லதுதான், ஆனால் இதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்ட முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வளைவில் கார் சாயும்போது அதன் உடல் ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. பொறியாளர்கள் அதை ரோல் சென்டர் என்பார்கள். சக்கரத்தைத் தாங்கும் கைகளின் சாய்மானம்தான் அந்தப் புள்ளி எங்கே அமையும் என்பதைத் தீர்மானிக்கிறது. காரைத் தாழ்த்தினால் கைகளின் சாய்மானம் மாறும். முன்பக்கம் இரட்டைக் கை அமைப்புள்ள பல கார்களில், உடல் இறங்குவதைவிட அந்தப் புள்ளி அதிகமாக இறங்கிவிடுகிறது. அப்போது ஈர்ப்பு மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே நெம்புகோல் நீள்கிறது. தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாகவே சாயலாம்! அந்தச் சாய்வை அடக்கத்தான் விறைப்பான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. எட்டுச் சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு ஏறக்குறைய 14 சதவீதம் கூடும். ஆனால் கேஸ் வெல்டிங் தீயால் வெட்டினால் எஃகின் பதம் கெட்டுவிடும். அந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம்.

விறைப்பான ஸ்பிரிங் போடும்போதுதான் திறந்த காருக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. இனிப்புக் கடை அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியை இறுக மூடி, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதில் அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கினால் துணி பிழிவதுபோல் திருகிக்கொள்ளும். கூரையில்லாத கார் அந்த மூடியில்லாத பெட்டி. எம்.ஜி.பி.யில் முறுக்கத்தைத் தாங்கும் பெரும் பொறுப்பு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்களுக்கு. அவை உள்ளிருந்தே துருப்பிடிப்பவை. வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும். விறைப்பான ஸ்பிரிங் போட்டால், சாலைக் குழியின் அடியை அது விழுங்காமல் உடலுக்கு அனுப்பும். ஸ்டியரிங் தண்டு நடுங்கும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும். தாங்க வேண்டிய உடலே வளைந்து கொடுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பிரிங்கும் பயன் தராது.

பின்பக்கத்தைத் தாழ்த்தும் வேலை பார்வைக்கு எளிது. ஆக்ஸிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஓர் அங்குலக் கட்டை வைத்து, நீளமான யூ-போல்ட்டால் இறுக்கினால் போதும். ஆனால் சக்கரம் மேலேறும் இடமும் அதே ஓர் அங்குலம் குறைகிறது. பெரிய குழியில் ஆக்ஸில் தடுப்பு ரப்பரில் மோதும்; அந்த நொடியில் டயர் பிடிமானத்தை இழக்கும். முன்பக்கம் வேலை செய்பவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு: சக்கரக் கைகளின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டை, ஜாக்கியில் கார் தொங்கும்போது முழுவதும் இறுக்கக் கூடாது. காரைத் தரையில் இறக்கி, சக்கரங்கள் எடையைத் தாங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். உயரம் மாறியதால் வீல் அலைன்மென்டும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தயாரித்தவர்களே தங்கள் தவற்றைப் பிறகு ஓரளவு சரிசெய்தார்கள். 1977 மாடலில் சஸ்பென்ஷனைத் திருத்தி, பின்பக்கமும் ஆன்டி-ரோல் பார் வைத்தார்கள். காரின் உயரத்தை அவர்கள் குறைக்கவே இல்லை; ஆனாலும் கார் மேம்பட்டது. இடது வலது சக்கரங்களை இணைக்கும் இந்த எஃகுக் கம்பி, இரு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது சும்மா இருக்கும். கார் சாயும்போது மட்டும் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். சாய்வுதான் உங்கள் குறை என்றால், முதல் செலவை இதற்கே செய்யலாம்.

பழைய திறந்த கார் வைத்திருப்பவர்கள், ஸ்பிரிங் வாங்கப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கதவை மூடிவிட்டு, அதன் பின்விளிம்பு இடைவெளியில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் ஜாக்கியால் காரின் ஒரு மூலையை மெல்லத் தூக்கட்டும். அந்த இடைவெளி குறுகினாலோ கதவு திறக்க மறுத்தாலோ, வேலை சஸ்பென்ஷனில் இல்லை. முதலில் அடிச்சட்டத்தைச் சரிசெய்யுங்கள்.