தம்பினுக்கும் புலாவ் செபாங்குக்கும் இடையே நூறு வெள்ளி

2020 பிப்ரவரி 1 முதல் ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டுகளுக்கு மலேசியாவின் குறைந்தபட்ச சம்பளம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மாநகர் மன்றங்களுக்கும் நகராண்மைக் கழகங்களுக்கும் உட்பட்ட இடங்களில் மாதம் 1,200 வெள்ளி. மற்ற இடங்களில் பழைய 1,100 வெள்ளியே. மலாக்கா மாநிலம் முழுவதும் இந்த இரண்டு வகை மன்றங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையிலும் 1,200, அலோர் காஜா கடைத்தெருவிலும் 1,200. வடக்கே மாநில எல்லையைத் தாண்டி நெகிரி செம்பிலானின் தம்பினுக்குப் போனால் அங்கே இருப்பது மாவட்ட மன்றம், சம்பளம் அப்போது 1,100. தம்பினும் மலாக்காவின் புலாவ் செபாங்கும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். அங்குள்ள ரயில் நிலையத்துக்கே இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே சந்தை, ஒரே வாடிக்கையாளர்கள், நடுவில் ஒரு மாநிலக் கோடு, அந்தக் கோட்டின் மேல் நூறு வெள்ளி. பொருளியல் அளவையியல், அதாவது எகோனோமெட்ரிக்ஸ், படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் பாடநூலில் அகப்படாது.

ஆனால் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் பெரும்பாலும் இப்படித் தொடங்குவதில்லை. முதலில் சமன்பாடு, பிறகு அதன் அனுமானங்கள், பிறகு ஸ்டாட்டா, ஈவியூஸ் போன்ற மென்பொருளில் தரவை ஏற்றிப் பொத்தானை அழுத்துதல், கடைசியில் எண்களுக்குப் பக்கத்தில், முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று காட்டும் நட்சத்திரக் குறிகள் முளைத்த அட்டவணை. நட்சத்திரம் வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் வேறு மாறியைச் சேர்த்துப் பார்ப்பது. எஸ்.டி.பி.எம். தேர்வில் கணிதத்தைக் கண்டு ஒதுங்கிய மாணவர் இங்கும் மிரள்கிறார்; கணிதத்தில் தேர்ந்தவர் இதை இன்னொரு கணிதத்தாளாக நினைத்துக்கொள்கிறார். இருவருமே பாடத்தின் நடுப்பகுதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து. பயன்பாட்டு அளவையியலின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: இது நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சம்பளம் உயர்ந்த புக்கிட் ரம்பாயை நாம் பார்க்கலாம். அதே ஆண்டில், அதே மாதத்தில், சம்பளம் உயராத புக்கிட் ரம்பாய் எங்கும் இல்லை. இல்லாத அந்த ஊருக்கு ஈடாக எதை வைப்பது என்று தேடுவதுதான் வேலை. அதற்குக் கணிதம் வேண்டும்தான். ஆனால் கணிதத்துக்கு முன்னால் ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வழியைப் பிரபலமாக்கிய ஆய்வும் குறைந்தபட்ச சம்பளத்தைப் பற்றியதுதான். 1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களை, உயர்வுக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் ஒரு கடைக்குச் சராசரியாக 20.44 முழுநேரத்துக்கு ஈடான வேலைகள் இருந்தன, அது 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33 இருந்தது, 21.17-க்கு இறங்கியது. இங்கே 0.59 கூடியிருக்கிறது, அங்கே 2.16 குறைந்திருக்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2.75. கூலியை உயர்த்தினால் வேலை போகும் என்ற பாடநூல் கணிப்புக்கு இது நேர் எதிர். 2021-இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம். க்ரூகர் 2019-இலேயே இறந்துவிட்டார்.

அந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வித்தியாசத்தின் பெரும்பங்கு நியூ ஜெர்சி ஏறியதால் வரவில்லை, பென்சில்வேனியா இறங்கியதால் வந்தது. அப்படியானால் கூலி உயராதிருந்தால் நியூ ஜெர்சியும் அதேபோல இறங்கியிருக்கும் என்று நம்பினால்தான் முடிவு நிற்கும். எந்த மென்பொருளும் அந்த நம்பிக்கையைச் சரிபார்த்துத் தராது. டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் இருவரும் சம்பளப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்து வேலை குறைந்திருக்கிறது என்று 2000-இல் எழுதினார்கள். அதே இதழில் கார்டும் க்ரூகரும் அரசாங்கத் தரவுகளைக் கொண்டு பதில் சொன்னார்கள். பெரிய இறக்கம் எதுவும் இல்லை என்றார்கள். இரு தரப்பும் சண்டையிட்டது சூத்திரத்தைப் பற்றியல்ல. எந்தக் கடைகளை எண்ணினாய், எப்படி எண்ணினாய் என்பதைப் பற்றித்தான்.

இப்போது தம்பினுக்கு வருவோம். எல்லைக் கோட்டின் இரு பக்கத்தையும் ஒப்பிடுவது எளிது போலத் தோன்றும். ஊர் தெரிந்தவர் உடனே இரண்டு தடைகளைச் சொல்வார். முதலாவது, தம்பின் கடையில் 1,100 வாங்குகிறவர் சாலையைத் தாண்டி புலாவ் செபாங்கில் 1,200-க்கு வேலை தேடலாம். அவரைத் தக்கவைக்கத் தம்பின் முதலாளியும் சம்பளத்தை உயர்த்தலாம். அப்படி நடந்தால், சம்பளம் உயராத ஒப்பீட்டு ஊர் என்று நாம் நம்பிய இடமே கொள்கையின் தாக்கத்துக்கு ஆளாகிவிடும். ஊர்கள் நெருங்கி இருப்பதால் ஒப்பீடு நியாயமாகிறது. அதே நெருக்கம்தான் ஒப்பீட்டைக் கெடுக்கவும் செய்கிறது. இரண்டாவது, மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. புதிய சம்பளம் அமலுக்கு வந்து ஏழு வாரம்கூட நிறையவில்லை. அதற்குப் பிறகு வேலை போனது நூறு வெள்ளியாலா, கோவிட்டாலா? ஆணை இரு பக்கத்துக்கும் பொதுவானதுதானே, கழித்தால் போய்விடுமே என்று கேட்கலாம். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் நிறைந்த இடத்தையும் சில்லறைக் கடைகளை நம்பிய சிற்றூரையும் ஊரடங்கு ஒரே அளவில் அடித்திருந்தால் போகும். அடித்திருக்குமா என்பதற்கு அட்டவணையில் விடையில்லை.

தோட்டப்புறத்தில் இது இன்னும் நுணுக்கமாகிறது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை டான் சாய் யான் 1896-இல் போட்டது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். இன்று செம்பனை பெருகிவிட்டாலும் பால்மரம் முற்றாகப் போய்விடவில்லை. பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்மரம் இலையுதிர்க்கும்; பால் குறையும்; கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவரின் வருமானமும் குறையும். சம்பள ஆணை அமலுக்கு வந்ததும் பிப்ரவரியில்தான். டிசம்பர் கணக்கையும் மார்ச் கணக்கையும் எடுத்துவைத்துக்கொண்டு, சம்பளத்தை உயர்த்தியதால் தோட்டத்தில் வேலை நாள் குறைந்தது என்று ஒரு மாணவர் கட்டுரை எழுதிவிடலாம், நட்சத்திரக் குறிகளோடு. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, போன யாரிடமாவது அதைக் காட்டினால், அது இலையுதிர்காலமாச்சே என்று ஒரு வரியில் கட்டுரையை முடித்துவைப்பார். முந்தைய ஆண்டின் அதே மாதங்களை ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குப் பால்மரத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

ஊரறிவு என்று சொல்லிக்கொண்டு மாணவர் தன் பக்கச் சார்பைக் கொண்டுவந்துவிட மாட்டாரா என்பது நியாயமான கேள்வி. தொழிலாளர் வீட்டுப் பிள்ளை சம்பள உயர்வால் கெடுதல் இல்லை என்ற முடிவையே விரும்பலாம். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை வேறொன்றை விரும்பலாம். அதனால்தான் ஊரறிவைக் கேள்வி அமைக்கும்போது பயன்படுத்த வேண்டும், விடை வந்த பிறகு அதற்குச் சமாதானம் சொல்லப் பயன்படுத்தக் கூடாது. எந்த ஊரை எந்த ஊரோடு ஒப்பிடப் போகிறேன், எந்த மாதங்களை எடுப்பேன் என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைப்பது இன்று நல்ல ஆய்வாளர்களின் வழக்கம். உயர்வுக்கு முந்திய ஆண்டுகளில் இரு ஊர்களும் ஒரே போக்கில் நடந்தனவா என்று பார்ப்பது இன்னொரு காவல். இது தவிர, இப்படிப்பட்ட ஆய்வுகள் சின்னக் கேள்விகளுக்குத்தான் விடை சொல்லும் என்று 2015-இல் நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன் போன்றவர்கள் குறைப்படுவதுண்டு. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். தம்பின் எல்லையில் கண்டது சபா மாநிலத்துக்குப் பொருந்தும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் நாடு முழுவதற்குமான ஒரே எண்ணைத் தவறாகச் சொல்வதைவிட இரண்டு ஊர்களைப் பற்றிச் சரியாகச் சொல்வது ஓர் இளங்கலை மாணவருக்குப் பொருத்தமான வேலை என்றே நினைக்கிறேன்.

2020-இன் வாய்ப்பைக் கோவிட் கெடுத்துவிட்டது என்றால், 2025 இன்னொன்றைத் தந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,500-லிருந்து 1,700 வெள்ளியானது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவான தொழிலாளர்களை வைத்திருப்போருக்கு ஆகஸ்ட் 1 வரை தவணை. ஆக, ஆறு மாதங்களுக்கு நான்கு பேர் உள்ள கடைக்கு ஒரு சட்டம், ஐந்து பேர் உள்ள கடைக்கு ஒரு சட்டம். நான்குக்கும் ஐந்துக்கும் வேறென்ன பெரிய வித்தியாசம்? ஒப்பிட அருமையான இடம்தான். சிக்கல் என்னவென்றால், தவணைக்காகவே ஐந்தை நான்காகக் காட்டும் கடைகளும் இருக்கக்கூடும். புள்ளிவிவரத் துறையின் தரவுத்தளத்தில் கடைவாரியான கணக்கு மாணவர் கைக்கு எட்டவும் எட்டாது. கார்டும் க்ரூகரும் செய்ததுபோலக் கேட்டுத்தான் திரட்ட வேண்டும். உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் ஒரு எண் வரும். எத்தனை பேருக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்டுகிறீர்கள் என்று கேட்டால் வேறு எண் வரலாம். வாரக் கடைசியில் உதவிக்கு வரும் மச்சானைச் சேர்த்தால் மூன்றாவது எண். எந்த எண்ணைச் சமன்பாட்டில் போடுவது என்று முடிவு செய்வதற்குக் கொடுக்கும் மதிப்பெண், நட்சத்திரக் குறிக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.