கலை மாணவருக்குக் கணினி எதற்கு?

“கணக்கு வராதவனுக்குக் கலைப்பிரிவு, கணக்கு வந்தவனுக்குக் கணினி.” நம்மவரிடையே வேரூன்றிவிட்ட எண்ணங்களுள் இதுவும் ஒன்று. இவ்வெண்ணத்தைப் பிறர்மேல் ஏற்றிக் குறைகூற நான் வரவில்லை. பல ஆண்டுகளாக உயர்தர வகுப்பிலே தமிழ் கற்பித்துவரும் நானே இதனை நம்பியிருந்தேன். நம்பியதோடு அமையாது, ஒரு மாணவிக்கு அவ்வாறே புத்தியும் சொன்னேன். அந்தப் புத்தி பிழையென்று உணர்ந்த வரலாற்றையே இங்கு எழுதுகின்றேன்.

சாதாரணதரப் பரீட்சையிலே நல்ல பெறுபேறு பெற்றுக் கலைப்பிரிவிற் சேர்ந்தவள் அவள். தமிழும் வரலாறும் எடுப்பதென்று முடிவு செய்துவிட்டாள். மூன்றாம் பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டு வந்தாள். கலைப்பிரிவு மாணவரும் அப்பாடத்தை எடுக்க இடமுண்டு. ஆயினும் நான், “உனக்கேன் பிள்ளை இந்த வீண் தொல்லை? நன்றாக வருகின்ற பாடத்தை எடுத்துப் பெறுபேற்றைக் காப்பாற்றிக்கொள்” என்றேன். “சரி சேர்” என்று சொல்லிப் போய்விட்டாள். ஆசிரியனுடைய வாய்ச்சொல் ஒன்று ஒரு பிள்ளையின் வழியையே திருப்பிவிடும் என்பதை அன்று நான் எண்ணிப் பார்த்தேனல்லேன்.

ஐந்தாண்டுகள் கழிந்தன. பல்கலைக்கழக விடுமுறையொன்றிலே அவள் என்னைக் காண வீட்டுக்கு வந்தாள். கையிலே ஒரு மடிக்கணினி. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வதாகவும், பழைய நூல்களிற் சொல்லாட்சிகளை ஆராய விரும்பியதால் நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டதாகவும் கூறினாள். நிரல் என்பது, கணினி செய்யவேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதிய கட்டளைத் தொகுதியாகும். “பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தால் இவ்வளவு இரவுகள் கண்விழித்திருக்கத் தேவையில்லை, சேர்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் என்னைக் குறைகூறவில்லை. எனினும் அச்சொல் என் நெஞ்சிலே தைத்தது.

பிறகு அவள் ஒரு வினாவைத் தொடுத்தாள். “சேர், ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து?”

“மூன்று. இதிலென்ன ஐயம்?”

பைதன் என்னும் நிரன்மொழியிலே அச்சொல்லைத் தட்டெழுதி, அதன் நீளம் எவ்வளவு என்று கணினியைக் கேட்டாள். திரையிலே 5 என்னும் எண் தோன்றியது. எனக்குச் சினமே வந்துவிட்டது. தமிழின் பெயரையே எண்ணத் தெரியாத இயந்திரத்தை அறிவுக் கருவி என்பதா?

அவள் பொறுமையாக விளக்கினாள். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் வழங்கும் யுனிக்கோட் முறையின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம்பெற்றது. அம்முறையிலே த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகவே ‘தமிழ்’ என்னும் சொல் சேமிக்கப்படுகின்றது. இதைக் கேட்டதும் எனக்கு விடயம் விளங்கிவிட்டது. நம் இலக்கணம் மெய்யை முதலில் வைக்கின்றது. ‘க்’ என்னும் மெய்யோடு ‘அ’ என்னும் உயிர் கூடியே ‘க’ பிறக்கின்றது. யுனிக்கோட் இதனைத் தலைகீழாகக் கொள்கின்றது. அங்கே ‘க’ ஒன்று. அதற்குப் புள்ளியிட்டாற் ‘க்’ இரண்டு. இயந்திரம் பிழை செய்யவில்லை. அது வேறோர் இலக்கணத்தைப் பின்பற்றுகின்றது, அவ்வளவே.

பரிகாரம் எளிது. உயிர்மெய்க் குறிகள் பதினொன்று, புள்ளி ஒன்று, ஆகப் பன்னிரண்டு குறிகளையும் எண்ணாது விடுமாறு கட்டளையிடவேண்டும். நான்கே வரிகளில் எழுதி முடித்தாள். திரையில் 3 வந்தது. ஆனால் ‘பக்ஷி’ என்று கொடுத்தபோது இரண்டு எனக் கொள்ளவேண்டியதை மூன்று என்றது. ‘க்ஷ’ என்னும் கிரந்த எழுத்தை அது இரண்டாகப் பிரித்துவிட்டது. “இதற்கு ஒரு புறனடை விதி வேண்டும்” என்றேன். “அதுதான் சேர், இலக்கணம் படித்தவர் இதற்கு வேண்டும் என்கிறேன்” என்றாள்.

எனக்கும் ஆர்வம் மிகுந்தது. “புணர்ச்சி விதியைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, பார்ப்போம்” என்றேன். நிலைமொழி னகர மெய்யில் முடிந்து, வருமொழி க, ச, ப என்பவற்றுள் ஒன்றில் தொடங்குமாயின், ன் என்பதை ற் ஆக்குக. அன்றேல் இயல்பாக விடுக. நன்னூல் கற்ற எந்த மாணவனுக்கும் பழக்கமான செய்தி இது. அதனையே அவள் நிரலாக்கினாள். பொன், குடம் என்று கொடுத்தோம். பொற்குடம் என்று வந்தது. நான் சற்றுக் குறும்பாக, மான், பெரிது என்று கொடுக்கச் சொன்னேன். ‘மாற்பெரிது’ என்று திரை காட்டியது! இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். முன்னையது வேற்றுமைத் தொடர்; பின்னையது எழுவாய்த் தொடராதலின் அல்வழி. எழுத்தைக் கண்டு விதியைச் செலுத்த இயந்திரத்தால் முடிந்தது. சொற்களுக்கிடையே உள்ள உறவை நாம் எழுதிக்கொடாதவரை அஃது அறியவில்லை. இவ்வேறுபாட்டை உடனே கண்டுகொள்பவர் யார்? கணக்கிற் கெட்டிக்காரரா, இலக்கணங் கற்றவரா?

அன்றிரவே நானும் நிரல் கற்கத் தொடங்கினேன். நாற்பது வயதைக் கடந்த ஆசிரியன் மீண்டும் மாணவனாவது இலகுவான காரியமன்று. நிபந்தனைக் கட்டளையின் ஈற்றிலே முக்காற்புள்ளி இடவேண்டும். அதனை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தடுமாறினேன். பனையோலை ஏடுகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கற்றவர்கள் இடமறிந்து படித்துக்கொண்டார்கள். மனிதன் பொருளை நோக்கிப் பிழையைப் பொறுப்பான். கணினியோ முக்காற்புள்ளிக்காகவும் முறைத்துக்கொண்டு நிற்கும். ஐம்பது அப்பியாசக் கொப்பிகளிலே சிவப்பு மையாற் கோடிட்ட என் கைக்கு, நாள்தோறும் தன் பிழையைத் தானே திருத்துவது நல்ல பயிற்சியாயிற்று.

கலைத்துறையினர் கணினியை நாடுவது புதுமையுமன்று. ரொபேட்டோ பூசா என்னும் இத்தாலியக் குருவானவர் மெய்யியல் ஆய்வாளர். புனித தோமஸ் அக்குவினாசின் நூல்களிலே ‘பிரசன்னம்’ என்னும் கருத்தை ஆராயப் புகுந்த அவர், அதனை அறியவேண்டுமாயின் இலத்தீன் மொழியிலே ‘இன்’ என்னும் சிறு சொல் வரும் இடங்களையெல்லாம் நோக்கவேண்டும் என்று கண்டார். நம் ஏழாம் வேற்றுமை உருபாகிய ‘இல்’ போன்றது அச்சொல். முதலிற் பதினாயிரம் அட்டைகளைக் கையால் எழுதினார். பின்பு 1949இல் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தோமஸ் வாட்சனைக் கண்டு உதவி பெற்றார். துளையிட்ட அட்டைகளோடு தொடங்கிய அம்முயற்சி, ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களை அடக்கிய சொல்லடைவாக 56 தொகுதிகளில் 1980ஆம் ஆண்டளவில் அச்சேறி நிறைவுற்றது. முப்பதாண்டு உழைப்பு! அதற்கு வித்து ஒரு கணக்கன்று. ஒரு சிறு சொல்லைப் பற்றிய ஐயம்.

நமக்கும் அத்தகைய வேலை காத்திருக்கின்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் நம் நாட்டிலே தொடங்கிய நூலகம் திட்டமும் தமிழ் நூல்களை மின்வடிவில் எல்லோருக்கும் இலவசமாகத் தருகின்றன. நூல்கள் இருக்கின்றன. அவற்றிலே நுணுகித் தேட, தமிழும் நிரலும் ஒருங்கே அறிந்த பிள்ளைகள் வேண்டும்.

“செயற்கை நுண்ணறிவே இப்போது நிரல் எழுதித் தருகின்றதே, நாம் ஏன் கற்கவேண்டும்?” என்று சில மாணவர் கேட்கின்றனர். தரட்டும். ஆனால் ‘தமிழ்’ என்பதில் ஐந்து எழுத்து என்று திரை சொன்னால், அதனை நம்பாது ஏன் என்று கேட்பதற்கு இரண்டு அறிவும் வேண்டுமன்றோ? எழுதத் தெரியாதவன் பிறர் எழுதிக்கொடுத்த உறுதியிற் கைநாட்டு வைப்பது போன்ற நிலை நமக்கு வரலாகாது.

மாணவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். பைதன் நிரன்மொழியை இலவசமாகப் பெறலாம். அதிற் சிறப்பாக ஒதுக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் நாற்பதுக்கும் குறைவு; ஆதலின் ஆங்கிலத்தை எண்ணி அஞ்சவேண்டாம். தினமும் அரைமணி நேரம் போதும். பிறருடைய நிரலை அப்படியே பிரதி செய்யாது, உங்கள் கையாற் தட்டெழுதுங்கள். பிழை வந்தால் மூடிவைக்காமல், எந்த வரியிற் பிழையென்று திரை கூறுவதைப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பாடத்திலிருந்தே ஒரு வினாவோடு தொடங்குங்கள்: ஒரு நூலில் அதிகம் வரும் சொல் எது? ஒரு மன்னன் காலத்துக் கல்வெட்டுக்கள் எத்தனை? வினா உங்களுடையதாயின் களைப்புத் தோன்றாது.

பெற்றோர்களே, கலைப்பிரிவு எடுத்த பிள்ளை வேலைக்கு என்ன செய்யும் என்று நீங்கள் கவலைப்படுவதை நான் அறிவேன். நிரல் கற்றால் நாளையே உத்தியோகம் கிடைக்கும் என்று பொய்யுறுதி தரமாட்டேன். ஆனால் “இது உனக்கு வராது” என்னும் சொல்லை மாத்திரம் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அதனைச் சொல்லிவிட்டுப் பின்னர் வருந்தியவன் கூறுகின்றேன்.

சென்ற தவணையிலே, தமிழும் இந்து நாகரிகமும் எடுத்த மாணவனொருவன் அதே கேள்வியோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். அவனை உள்ளே அழைத்து, கதிரையில் இருத்தி, “தம்பி, ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து?” என்று கேட்டேன்.