இருசில்லு உழவு இயந்திரத்திற் கிளை நறுக்கும் பொறியைப் பொருத்தும் முறை

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களுக்கு மேற்கே கல்லோயா நீரினால் வளம்பெறும் நெல்வயல்கள் பரந்துள்ளன. கிழக்கே, கடலோர மணல் நிலத்திற் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை ஆகியன பயிராகின்றன. மணல் நிலம் நீரையும் பசளையையும் நெடுநாள் தாங்கி நிற்பதில்லை. அதன் குறையைத் தீர்க்க வல்லது சேதனப் பொருளே. அப்பொருளோ கமக்காரரின் வேலியிலேயே நிற்கின்றது. சீமைக்கிளுவை எனப்படும் கிளிரிசீடியா, பூவரசு, முருங்கை ஆகியவற்றின் கிளைகள் ஆண்டுதோறும் வெட்டப்பட்டு, வேலியோரத்தில் உலர்ந்து, ஈற்றில் தீயிடப்படுகின்றன.

இலங்கையில் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. பச்சிலைப் பசளையின் தேவையும் அதன் எல்லையும் அக்காலத்தில் நன்கு புலப்பட்டன. கிளிரிசீடியாவின் பச்சிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.7 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே 1,000 கிலோகிராம் பச்சிலை ஏறத்தாழ 7 கிலோகிராம் நைதரசனைத் தரும். இது 15 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்குச் சமம். இலை யூரியாவுக்கு முழுப் பதிலாகாது என்பது இக்கணக்கினால் விளங்கும். எனினும் யூரியா தராத சேதனப் பொருளை அது மண்ணுக்குத் தருகின்றது. அத்துணை இலையையும் கொம்பையும் கத்தியினால் நறுக்குதல் பெருவேலை. உழவு முடிந்தபின் கொட்டிலில் ஓய்ந்திருக்கும் இருசில்லு உழவு இயந்திரத்தைக் கொண்டு அவ்வேலையை எளிதாக்கலாம்.

இயந்திரத்தின் வலு

இவ்வூர்களில் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரங்கள் பெரும்பாலும் 8 முதல் 12 வரை குதிரைவலுவுள்ள ஒற்றை உருளை டீசல் எஞ்சின் உடையவை. இவ்வலு இலைக்கும், ஒன்றரை அங்குலம் வரை தடிப்புள்ள பச்சைக் கொம்புக்கும் போதியது. அதனிலும் தடித்த கொம்பை விறகுக்கு ஒதுக்குதல் வேண்டும். பெருமரக் கிளைகளை நறுக்கும் பெரும் பொறியை இச்சிறு எஞ்சினுடன் இணைப்பது எஞ்சினுக்குக் கேடாகும்.

பொறியை நிறுத்தும் முறை

பொறியை உழவு இயந்திரத்தின் முன்புறத்தில், கோண இரும்பினாற் செய்த சட்டத்தின்மேற் பொருத்துக. இரண்டே சில்லுகளில் நிற்கும் இயந்திரம் முன்பாரம் கூடியவுடன் மூக்குக் குத்தி விழும். ஆதலால் சட்டத்தின் முன்பக்கத்துக்கு நிலத்தைத் தொடும் இரு கால்கள் இன்றியமையாதன. மணலிற் கால்கள் புதையாதவாறு அவற்றின் கீழே பலகை இடுதல் வேண்டும். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தலும் வேண்டும். பொறியைப் பூட்டியபடியே வீதியில் ஓட்டுதல் ஆகாது. அதைக் கழற்றிப் பெட்டியில் ஏற்றிச் செல்லுதலே தக்கது.

சட்டத்தைத் திருகாணிகளால் எஞ்சின் தாங்கியுடன் இறுகப் பூட்டுக. ஒவ்வொரு திருகாணிக்கும் சுருள் வளையம் இடுதல் நன்று. டீசல் எஞ்சினின் அதிர்வு சாதாரண முடுக்கைத் தளர்த்திவிடும். முதல் அரைமணி வேலைக்குப் பின் எஞ்சினை நிறுத்தி எல்லா முடுக்குகளையும் மீண்டும் இறுக்குதல் வேண்டும்.

கப்பிகளின் அளவு

பொருத்தும் வேலையில் மிகக் கூடிய கவனம் வேண்டுவது இதுவே. நறுக்கும் பொறியின் தகட்டில் அது நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றலாம் எனக் குறிக்கப்பட்டிருக்கும். எஞ்சினின் சுற்றை எஞ்சின் கப்பியின் விட்டத்தினாற் பெருக்கி, பொறிக்கு விதிக்கப்பட்ட சுற்றினால் வகுத்தால், பொறிக்கு வேண்டிய கப்பியின் விட்டம் கிடைக்கும்.

உதாரணமாக, எஞ்சின் நிமிடத்துக்கு 2,200 சுற்று. அதன் கப்பி 5 அங்குலம். பொறிக்கு விதித்தது 1,000 சுற்று எனக் கொள்வோம். 2,200ஐ 5ஆற் பெருக்கினால் 11,000. அதனை 1,000ஆல் வகுத்தால் 11. ஆகவே பொறிக்கு 11 அங்குலக் கப்பி வேண்டும். கையிற் கிடைத்தது என்று ஐந்தரை அங்குலக் கப்பியைப் பூட்டினால் பொறி 2,000 சுற்றுச் சுற்றும். வேகம் இரு மடங்காகும்போது கத்திகளை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும். கத்தி தெறித்து உயிர்ச்சேதம் விளைவது இவ்வாறே.

பட்டி பூட்டுதல்

முதலில் எஞ்சினுக்கும் பற்சில்லுப் பெட்டிக்கும் இடையிலுள்ள பட்டிகளைக் கழற்றிவிடுக. அப்பொழுது உழவு இயந்திரம் தானே நகர இடமில்லை. பின்னர், எஞ்சின் கப்பியையும் பொறியின் கப்பியையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துக. இரு கப்பிகளின் முகங்களுக்கும் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது நான்கு விளிம்புகளையும் தொடுதல் வேண்டும். தொடாவிடிற் பட்டி ஒரு பக்கம் தேய்ந்து அறும்.

பொறி சுற்றும் திசையை முன்னரே அறிதல் வேண்டும். 'வி' வடிவப் பட்டியைக் குறுக்கே முறுக்கிப் பூட்டித் திசை மாற்ற இயலாது; திசை மாறியிருந்தாற் பொறியையே திருப்பி நிறுத்துதல் வேண்டும். பட்டியின் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்வது சரியான இறுக்கமாகும். நெம்புகோலால் இயங்கும் இறுக்குக் கப்பி ஒன்றை இடையிற் பொருத்துதல் மிக நன்று. பட்டியைத் தளர்த்தியவாறு எஞ்சினை எளிதிற் கிளப்பவும், ஆபத்து நேரும்போது நெம்புகோலை விடுத்துப் பொறிக்குச் செல்லும் வலுவைத் துண்டிக்கவும் அது உதவும்.

காவல்

பட்டியையும் கப்பிகளையும் கம்பிவலைக் கூட்டினால் மூடாது வேலை தொடங்குதல் ஆகாது. கிளையை இடும் வாய் 3 அடிக்குக் குறையாத நீளமுடையதாயின் கை கத்தியை எட்டாது. நீட்டிய வாயை வெட்டிக் குறுக்குவோர் தம் கையையே பணயம் வைப்பவராவர்.

சாரத்தின் தொங்கல், தோளிலிட்ட துண்டு, பெண்களின் முக்காடு, முந்தானை ஆகியவற்றைப் பட்டி கணத்தில் இழுத்துவிடும். வேலை செய்வோர் உடலோடு ஒட்டிய ஆடையும், கண்ணாடியும், மூடிய சப்பாத்தும் அணிதல் வேண்டும். சிறுவரை அருகே விடலாகாது. கொம்பு இறுகிப் பொறி நின்றால், எஞ்சினை நிறுத்தி, கத்தி சுற்றுவது முற்றாக ஓய்ந்த பின்னரே வாயைத் திறக்க வேண்டும்.

வேலையும் பயனும்

வேலியிலிருந்து வெட்டிய கொம்பிற் பழைய ஆணியும் முட்கம்பித் துண்டும் புதைந்திருக்கும். ஒவ்வொன்றையும் பார்த்தே இடுக. மணல் படிந்த கிளையை உதறி இடுக. மணல் கத்தியின் கூரை விரைவில் மழுக்கும். நறுக்கிய துண்டு நாராகக் கிழிந்து வருவதும், எஞ்சின் கரும்புகை கக்குவதும் கத்தி மழுங்கியதன் அறிகுறிகள்.

இலைத்துண்டுகளை நெல்வயலிற் சேற்றுழவுக்கு முன் பரப்பி, இரு வாரம் அழுகவிட்டுப் பின்னர் விதைத்தல் நன்று. கொம்புத் துண்டுகளை மரக்கறிச் செடிகளின் அடியில் மூடுபடையாக இட்டால் மணலின் ஈரம் காக்கப்படும். அவற்றைப் பச்சையாக மண்ணுடன் கலத்தல் ஆகாது. அவை உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை ஈர்த்துப் பயிரை மஞ்சளாக்கும். மாட்டெருவும் வைக்கோலும் சேர்த்துக் கூட்டெருவாக்கிய பின் கலக்கலாம்.

ஒரு பொறியை அயலிலுள்ள சில தோட்டக்காரர் கூடி வாங்கினாற் செலவு குறையும். ஆயினும் அதனை இயக்கும் பொறுப்பு பழகிய ஒருவரிடமே இருத்தல் வேண்டும். கப்பியின் அளவிலோ பொருத்துதலிலோ ஐயம் எழுமாயின், எஞ்சினைக் கிளப்பு முன்னரே, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுக. பொறிக்குக் கொம்பும் ஒன்றே, கையும் ஒன்றே. வேறுபாட்டை அறிய வேண்டியவர் அதனை இயக்குபவரே.